கணவனோடு வருகிறவர்களின் பெஞ்சு

டோரிக்கா ஒரு வீட்டுக்கு உப்புக் கேட்டு வந்தால், அந்த வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவளுடைய வீட்டில் உப்பு இல்லாமல் போனதே கிடையாது. தண்ணீர் பிடிக்கிற கைப்பம்பு அருகே எந்தப் பெண் குடத்தைத் தூக்கிப் பாதி வழியில் இறக்கி வைக்கிறாள், எவள் கறையான் புற்றில் ஒரு துண்டு மண்ணை உடைத்து யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் அவள் உப்புக்கு வருவாள்.

"என்ன அக்கா, இன்னிக்கு எங்க வீட்டு உப்புதான் ருசியா?"

"உன் மருமக கொடுக்கட்டும். அவ கை உப்பு போதும் எனக்கு."

மருமகள் வெளியே வருவாள். டோரிக்கா அவளை வேலியோரமாக அழைத்துப் போய்ப் பேசுவாள். சுகாதார நிலையத்துக்கு எப்போது வர வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், மாமியாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, எல்லாம். கரு வெளியே தெரியும்வரை அதைத் தன் வாயில் வைத்துக்கொள்வாள். இந்த வேலைக்கு அரசாங்கம் கொடுத்த பெயர் ரகசியத் தாய். டோவா மலைகளுக்குக் கீழே, கம்டோண்டோ என்ற ஊரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் அவள் ஒருத்திதான் அந்தப் பெயருக்கு உரியவள்.

அதற்கு முன்னால் அவள் மருத்துவச்சி. ஊரில் இப்போது மண்வெட்டி பிடிக்கிற இளைஞர்களில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். வீட்டில் பிரசவம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தபோது பிளேடையும் நூலையும் வாங்கிக்கொண்டு, நீலத்தில் தாயும் பிள்ளையும் அச்சடித்த ஒரு துணியைக் கொடுத்தார்கள். சில மருத்துவச்சிகள் கோபித்துக்கொண்டு ஒளிந்து பார்த்தார்கள். டோரிக்கா அப்படிச் செய்யவில்லை. துணியை இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் படிப்பு குறைவு, ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வாள் என்று பெயர்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளின் நாள். அன்று நிலையத்தின் வராந்தாவில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்துவதும் அவள்தான். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த சிஸ்டர் கோண்ட்வே ஒரு விதி கொண்டுவந்திருந்தாள். கணவனோடு வருகிற பெண் முன் பெஞ்சில் உட்காரலாம், அவளை முதலில் பார்ப்பார்கள். தனியாக வருகிறவள் தரையில் பாயில் உட்கார்ந்து, முன் பெஞ்சு காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். ஆண்கள் வந்து கேட்டால்தான் ஆபத்து என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரியும், இரவில் சைக்கிளுக்கும் வண்டிக்கும் ஓடுவார்கள் என்று சிஸ்டர் சொன்னாள். நியாயமான பேச்சு. டோரிக்காவுக்கு அது மனப்பாடம்.

ஆண்களுக்குத்தான் புரியவில்லை. "பொம்பளைங்க வயித்தைத் தடவுற இடத்துல போயி நான் எதைத் தடவுறது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முன் பெஞ்சு பல செவ்வாய்க்கிழமைகளில் வெறுமையாகக் கிடந்தது. அதில் கோழி ஏறி உட்காரும். டோரிக்கா அதை விரட்டும்போது பாயிலிருந்து யாராவது, "விடு டோரிக்கா, அதோட புருஷன் வெளியே நிக்கிறான்" என்பார்கள்.

அந்த பெஞ்சில் ஒருநாள் ஜைலோசி வந்து உட்கார்ந்தான்.

மாவு மில்லு ஜைலோசி. அந்தப் பக்கத்தில் டீசல் மில்லு அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. மோட்டார் சைக்கிளும் இருந்தது. முதல் மனைவி தலைநகருக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஏன் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை இல்லை, போய்விட்டாள் என்று அவனே சொன்னான். அவன் பக்கத்தில், மடியில் பையை வைத்துக்கொண்டு, அலினாஃபே உட்கார்ந்திருந்தாள். எசினாட்டியின் மகள்.

எசினாட்டியும் ஜைலோசியும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவனுக்குக் கணக்கு வராது, தன் சிலேட்டைப் பார்த்துத்தான் எழுதுவான் என்று எசினாட்டி முன்பெல்லாம் மில்லு வரிசையில் நின்று கத்துவாள், அவனும் உள்ளேயிருந்து திருப்பிக் கத்துவான். கணவன் இறந்த பிறகு அவள் மகளிடம் சோளத்தைக் கொடுத்து மில்லுக்கு அனுப்பினாள். மகள் மாவோடு சில நாள் சோப்பும், சில நாள் சர்க்கரையும் கொண்டுவந்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. எசினாட்டியின் தம்பி பிட்டன் மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவன்தான் தாய்மாமனாக நின்று பேசி, அக்கா மகளை ஜைலோசி வீட்டுக்கு அனுப்பி வைத்தான். அன்றிலிருந்து எசினாட்டி ஜைலோசியின் மாமியார். மருமகன் வருகிற பாதையில் மாமியார் எதிரே வரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. சிலேட்டைச் சொல்லிக் கத்தியவள் அவனைக் கண்டால் துணியை இழுத்து மூடிக்கொண்டு புதருக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

முதல் நாள் சிஸ்டர் வயதைக் கேட்டாள். அலினாஃபே வாயைத் திறப்பதற்குள் ஜைலோசி சொன்னான்.

"பதினெட்டு, சிஸ்டர். முடிஞ்சிடுச்சு."

சிஸ்டர் அவளைப் பார்த்தாள். பிறகு டோரிக்காவைப் பார்த்தாள். "நீங்கதானே இந்த ஊரோட பிறப்புப் பதிவு. பதினெட்டா?"

பெரும் பஞ்ச வருஷத்தில் பிறந்தவள் அலினாஃபே. சோளத் தவிட்டையும் வாழைக் கிழங்கையும் வேகவைத்துத் தின்ற வருஷம் அது. எசினாட்டிக்கு முக்கக்கூடத் தெம்பில்லை. டோரிக்காதான் அவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு பிள்ளையை வெளியே எடுத்தாள். அந்த ஊரில் யாரும் எந்தத் தேதியையும் தவறாகச் சொல்லலாம், பஞ்ச வருஷத்தை மட்டும் தவறாகச் சொல்ல மாட்டார்கள். கணக்குப் போட்டால் அவளுக்குப் பதினாறு.

"ஆமா சிஸ்டர். பதினெட்டு" என்றாள் டோரிக்கா.

பதினெட்டுக்கு முன் கல்யாணம் செய்தால் இரண்டு வீட்டுக்கும் தண்டம் என்று ஊர்த் தலைவர் சட்டம் போட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணை ஒளித்து வைத்துவிடுவார்கள், ஏதோ ஒரு குடிசையில் பிரசவம் நடக்கும், இங்கே வரவே மாட்டாள். டோரிக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம் இதுதான். அதில் பொய்யில்லை. தனக்குச் சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்றும் இருந்தது. அவள் சோளக் கூடையோடு மில்லுக்குப் போனால், ஜைலோசி உள்ளிருந்து, "பெரியம்மாவை முன்னாடி விடுங்க, பாவம், நிலையத்து வேலை கிடக்கும்" என்று குரல் கொடுப்பான். வரிசை விலகும்.

அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமைகூட அவன் தவறவில்லை. சிஸ்டர் அலினாஃபேயிடம் கேட்பதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். காலையில் வாந்தியா? இப்ப இல்ல சிஸ்டர். தூக்கம்? நல்லா தூங்குறா. கால் வீக்கம்? நான் தினமும் பார்க்கிறேன், இல்ல.

பாயில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

"எம் புருஷனுக்கு எம் பேரே மறந்துபோச்சு. இந்தாளு அவ எத்தனை தடவை தும்முனான்னு சொல்றாரு."

"நீயும் ஒரு மில்லுக்காரனா பாத்துப் பிடிச்சிருக்கணும்."

"ஏண்டி, உம் புருஷன் நேத்து முன் பெஞ்சு வரைக்கும் வந்தானாமே?"

"வந்தான், வந்தான். அங்க கட்டியிருந்த ஆட்டை அவுத்துட்டுப் போக."

சிரிப்பார்கள். டோரிக்காவும் சிரிப்பாள். அலினாஃபே சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை. அது அப்போது தோன்றவில்லை. சின்னப் பெண், வெட்கப்படுகிறாள் என்று நினைத்தாள்.

அறுவடை முடிந்த மாதத்தில் மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மாதிரித் தகப்பனைத் தேர்ந்தெடுத்து மற்ற ஆண்களுக்குக் காட்ட வேண்டுமாம். சிஸ்டர் டோரிக்காவிடம் கேட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது? அவள் ஜைலோசியின் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது. அவளுடைய ஊர்க்காரன்.

நிலையத்தின் திடலில் நாற்காலிகள் போட்டார்கள். பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். ஜைலோசிக்கு மார்பில் எழுத்து அச்சடித்த வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். அவன் அதை அங்கேயே போட்டுக்கொண்டு பேசினான்.

"எம் பொண்டாட்டி தண்ணிக்குப் போனா நானும் போவேன். கழனிக்குப் போனா நானும் போவேன். அவ அம்மா வீட்டுக்குப் போகணும்னாலும் நான் இல்லாம ஒரு அடி வைக்க விடமாட்டேன். ஆம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்."

பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். முதல் குலவை டோரிக்காவுடையது. அவள் குரல் பெரியது, வாய்க்கால் தாண்டிக் கேட்கும்.

வந்தவர்களில் ஒரு பெண் அலினாஃபேயிடம், நீயும் இரண்டு வார்த்தை சொல்லம்மா என்றாள். அலினாஃபே எழுந்தாள், கணவனைப் பார்த்தாள். "என்னை நல்லா பாத்துக்கிறாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கும் குலவை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எடை பார்க்கும்போது டோரிக்கா அவளுக்கு உதவினாள். ஜைலோசி அன்று வராந்தாவில் சட்டையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான், உள்ளே வரவில்லை. எடை மேடையில் ஏற அலினாஃபே தோளிலிருந்த துணியைத் தளர்த்தினாள். மேல் கையிலிருந்து முதுகுவரை பட்டையான தடிப்பு. பழையதும் புதியதும் ஒன்றின் மேல் ஒன்று.

"என்னடி இது?"

"மில்லு பெல்ட்டு அடிச்சிடுச்சு, பெரியம்மா."

ஓடுகிற இயந்திரத்தின் பெல்ட் பட்டால் கை இருக்காது. மில்லுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும் அது.

"மில்லுல ஓடுற பெல்ட்டா, இடுப்புல கட்டுற பெல்ட்டா?"

அலினாஃபே எடை முள்ளைப் பார்த்தாள். வெளியே ஜைலோசி யாரோ சொன்னதற்குச் சத்தமாகச் சிரித்தான்.

டோரிக்கா ஏதாவது சொல்லியிருக்கலாம். சிஸ்டர் பக்கத்து அறையில்தான் இருந்தாள், நடுவில் ஒரு திரைச்சீலை. ஆனால் போன வாரம் அந்தப் பெயரைச் சொன்னது டோரிக்கா. குலவையிட்டது டோரிக்கா. அவள் அந்தப் பெண்ணின் தோளில் துணியை மேலே இழுத்து, தடிப்பு தெரியாதபடி இறுக்கி முடிந்தாள். கை தானாகச் செய்தது.

"பிள்ளை மொகம் பாத்தா ஆம்பளை மாறிடுவான். அதுவரைக்கும் அவன் கோவப்படுற மாதிரி நடந்துக்காத. பொறுத்துக்கோ."

கல்யாணமான பெண்ணுக்கு மூத்த பெண்கள் சொல்கிற பேச்சு அது. டோரிக்காவுக்கும் சொன்னார்கள். அவள் பொறுத்தாள், அவள் கணவன் மாறவில்லை, செத்துப்போனான். அதையும் அவள் அன்று நினைக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. சோளம் இடுப்பளவு நின்றது. பிரசவம் நெருங்குகிற பெண்கள் நிலையத்தின் பின்னாலுள்ள காத்திருப்பு வீட்டில் வந்து தங்க வேண்டும் என்பது வழக்கம். அங்கே ஆண்களுக்கு இடமில்லை, துணைக்கு ஒரு பெண் வந்து சமைத்துப் போடுவாள். மற்ற கணவர்கள் மனைவியை அனுப்பச் சுணங்கினால் டோரிக்கா தலைவரிடம் போய் நிற்பாள். ஜைலோசி மட்டும், "எங்கிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கு பெரியம்மா, வலி எடுத்ததும் கொண்டாந்துடுறேன்" என்றான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மாதிரித் தகப்பன் சொல்லும்போது எப்படிப் பேசுவது?

ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போதே தூறல். அன்று அதிசயமாக முன் பெஞ்சு நிறைந்திருந்தது. வெள்ளைச் சட்டையின் வேலைதான் என்று சிஸ்டர் மகிழ்ந்தாள். ஆண்கள் வரிசையாகத் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பாயில் தனியாக வந்த பெண்கள்.

அலினாஃபே மழையில் நடந்து வந்தாள். தனியாக, காலில் செருப்பில்லாமல்.

டோரிக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அடியே பாருங்கடி! மாதிரித் தகப்பனோட பொண்டாட்டி நடந்து வர்றா. மோட்டார் சைக்கிளுக்கு மாசமா?"

வராந்தா முழுக்கச் சிரித்தது. முன் பெஞ்சு ஆண்களும் சிரித்தார்கள்.

அலினாஃபே படியில் நின்றாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "பெரியம்மா, சிஸ்டரைப் பாக்கணும்."

"எங்க அவரு?"

"மில்லுல."

"வலி எடுத்துடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அவள் முன் பெஞ்சைப் பார்த்தாள். அத்தனை ஆண்கள், அத்தனை பேரும் ஜைலோசியிடம் சோளம் அரைக்கிறவர்கள். "உள்ள வந்து சொல்றேன்" என்றாள்.

"உள்ள போறதுக்கு வரிசை இருக்குல்ல, கண்ணு. நீயே இப்படித் தனியா வந்தா மத்தவளுங்க என்ன சொல்லுவாளுங்க? எல்லாருக்கும் ஒரு சட்டம், மில்லுக்காரிக்கு ஒரு சட்டமா? போ, போயி அவரைக் கூட்டிட்டு வா. முன்னாடி உட்கார வைக்கிறேன்."

"பெரியம்மா..."

"போடி. இங்க ஈரத்துல நிக்காத."

பாயிலிருந்து ஒருத்தி, லிடியா, "சரி சரி, நாங்க இங்க காலையிலேர்ந்து உக்காந்திருக்கோம், இப்ப வந்தவ உள்ள போவாளாம்" என்றாள். மறுபடி சிரிப்பு. அலினாஃபே திரும்பி மழையில் இறங்கிப் போனாள்.

போனவள் சோளக் காட்டுக்குள் மறைந்ததும் டோரிக்காவுக்கு மனசு கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி இந்தச் சேற்றில் நடக்கிறாளே. அவளிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. வராந்தா ஓரத்தில் நின்று ஜைலோசியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உம் பொண்டாட்டி இங்க வந்துட்டுத் திரும்பிப் போறா. மழை. வண்டிய எடுத்துட்டு எதிர்ல வா."

போனை மடியில் செருகிக்கொண்டபோது நல்லது செய்த திருப்தி இருந்தது.

மத்தியானம் மாட்டு வண்டியில் அலினாஃபேயைக் கொண்டுவந்தார்கள். ஓடைக் கரையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஜைலோசி சொன்னான். கண்ணும் வாயும் வீங்கியிருந்தது. சிஸ்டர் கோண்ட்வே வயிற்றில் கை வைத்தாள், காது வைத்துக் கேட்டாள், எழுந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மாவட்ட மருத்துவமனையில் பெண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண் பிள்ளை.

அப்படிப் பிறந்த பிள்ளையைப் பெண்கள்தான் புதைப்பார்கள். ஆண்கள் வரக் கூடாது, பாட்டு கிடையாது, துக்கம் கேட்க ஊர் கூடாது. எசினாட்டி மருத்துவமனையில் மகளோடு இருந்ததால் டோரிக்கா பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். லிடியாவும் இன்னும் இரண்டு பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். மண் ஈரமாக இருந்தது, குழி சுலபமாக வந்தது. எல்லாருடைய கையிலும் சேறு. டோரிக்கா எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறாள். இதன் கனத்தைக் கை வாங்கிக்கொள்ள மறுத்தது. இரண்டு முறை இறக்கி வைத்து மறுபடி எடுத்தாள்.

ஓடைக் கரையில் என்ன நடந்தது என்று அந்த நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. சொல்வதற்கு வார்த்தை வேண்டியிருக்கவில்லை.

அலினாஃபே தாய் வீட்டுக்கு வந்து தேறிக்கொண்டிருந்தபோது ஜைலோசி ஆள் அனுப்பினான், மனைவியைத் திருப்பி அனுப்பச் சொல்லி. எசினாட்டி முடியாது என்றாள். ஊர்த் திடலில் மாமரத்தடியில் கூட்டம் வைத்தார்கள். தலைவர் நாற்காலியில். ஆண்கள் பெஞ்சுகளில். பெண்கள் ஒரு பக்கம் தரையில். சிஸ்டர் கோண்ட்வேயும் அழைப்பின் பேரில் வந்திருந்தாள்.

பெண் வீட்டுக்காகப் பேச வேண்டிய தாய்மாமன் பிட்டன் எழுந்தான். மில்லில் மூட்டை தூக்குகிறவன் என்ன பேசுவான்? "எங்களுக்கு ஒண்ணும் சண்டை இல்ல, தலைவரே. பிள்ளை போனது கடவுள் செயல். புருஷன் வீடுதான் பொண்ணுக்கு வீடு" என்றான். எசினாட்டி மருமகன் முன்னால் வாய் திறக்க முடியாது. துணிக்குள்ளே அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

ஜைலோசி எழுந்தான். அன்றும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

"என்னைப் பத்தி இப்ப என்னென்னமோ பேசுறாங்க. அடிச்சேன்னு சொல்றாங்க. அடிச்சிருந்தா ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ தப்பிச்சு ஓடியிருக்க மாட்டாளா? யார்கிட்டயாவது போயிச் சொல்லியிருக்க மாட்டாளா? நிலையத்துக்கு வாராவாரம் போனோம். கேளுங்க, அவளையே கேளுங்க."

தலைவர் அலினாஃபேயைக் கேட்டார். "பொண்ணே, அன்னிக்குக் காலையில நீ யார்கிட்டயாவது போனியா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஜைலோசியின் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கயும் போகல" என்றாள்.

"பாத்தீங்களா?" என்றான் ஜைலோசி. "பெரியம்மாவைக் கேளுங்க. எங்க குடும்பத்தை அவங்களுக்குத் தெரியும்."

டோரிக்கா பெண்கள் பக்கத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அன்று வராந்தாவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். பாயில் உட்கார்ந்தவர்களும், முன் பெஞ்சில் உட்கார்ந்தவர்களும். யாராவது சொல்லுவார்கள் என்று அவள் காத்திருந்தாள். லிடியா புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஆண்கள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த நேரம் கடந்துவிடும், எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். அந்தப் பெண் மில்லு வீட்டுக்குப் போவாள். எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள், டோரிக்காவும்தான்.

"என்ன டோரிக்கா?" என்றார் தலைவர்.

அவள் முழங்காலிட்டு நிமிர்ந்து, வழக்கப்படி கையைத் தட்டித் தலைவரை வணங்கினாள்.

"வந்தா, தலைவரே. அன்னிக்குக் காலையில நிலையத்துக்கு வந்தா. மழையில, தனியா. சிஸ்டரைப் பாக்கணும்னு கேட்டா. நான்தான் புருஷனோட வரணும்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். கிண்டல் பண்ணி அனுப்பினேன்."

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"அதுக்கு முன்னாடியே அவ முதுகைப் பாத்திருக்கேன். பெல்ட்டுத் தழும்பு. நான்தான் துணியை இழுத்து மூடினேன்."

சிஸ்டர் கோண்ட்வே எழுந்து நின்றாள். "இவ வயசு என்ன, டோரிக்கா?"

"பஞ்ச வருஷத்துப் பிள்ளை, சிஸ்டர்."

பெஞ்சுகளில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு கை டோரிக்காவின் துணியைப் பிடித்து இழுத்தது. "உட்காருடி. சொன்னது போதும். எங்களையும் சேத்து ஏன் இழுக்கிற?" என்று ஒரு கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருடைய சட்டத்தை அவர் ஊரிலேயே, அவர் மூக்குக்குக் கீழேயே மீறியிருக்கிறார்கள். பெண் தாய் வீட்டிலேயே இருக்கட்டும், வயது விஷயத்தையும் அடித்த விஷயத்தையும் போலீஸில் சொல்ல வேண்டும், சிஸ்டர் கூட வர வேண்டும் என்று முடித்தார். ஜைலோசி டோரிக்காவை ஒருமுறை பார்த்தான். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதில் அதிகம் இருந்தது. அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

கூட்டம் கலைந்தபோது டோரிக்கா மற்ற பெண்களுக்கு முன்னால் எழுந்து நடந்தாள். யாரோடும் சேர்ந்து நடக்க வேண்டாம் என்று வேகமாக நடந்தாள். ஆனால் எசினாட்டியும் அலினாஃபேயும் அதற்கு முன்பே கிளம்பி வளைவில் நின்றிருந்தார்கள். அலினாஃபேக்கு இன்னும் தெம்பில்லை, ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். டோரிக்கா தயங்கி நின்றாள். எசினாட்டி அவளைப் பார்த்துவிட்டாள்.

"நீ சொல்லலேன்னா அவ இன்னிக்கு அங்க போயிருப்பா" என்றாள் எசினாட்டி. "அது எனக்குத் தெரியுது, அக்கா. ஆனா உன்னைப் பாக்க முடியல. இன்னிக்கு முடியல."

"வேண்டாம். பாக்க வேண்டாம்."

அலினாஃபே எழுந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை அவளுக்கு. பாடம் ஒப்பிக்கிற குரலில் கேட்டாள்.

"போன் பண்ணதைச் சொல்லலியே, பெரியம்மா."

டோரிக்கா மடியிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஓடைகிட்ட எதிர்ல வந்தாரு. பெரியம்மா போன் பண்ணாங்க, எங்கடி போயிட்டு வர்றேன்னு கேட்டாரு. நான் அம்மா வீட்டுக்குத்தான் போயிட்டிருந்தேன், மில்லுக்குப் போகல." அவள் மூச்சு வாங்கினாள். "நீங்க போன் பண்ணலேன்னா காட்டு வழியா போய்ச் சேர்ந்திருப்பேன், அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

எசினாட்டி மகளைப் பார்த்தாள், டோரிக்காவைப் பார்த்தாள். மகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் சோளத்துக்கு நடுவே மறையும்வரை டோரிக்கா அங்கேயே நின்றாள். அவர்களுக்குப் பின்னால் போக முடியாது. திரும்பினால் திடலிலிருந்து பெண்கள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். போவதற்கு அந்த ஒரு பாதைதான்.

பெண்கள் நெருங்கினார்கள். முன்னால் லிடியா வந்தாள். டோரிக்கா பாதையின் நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல நினைத்தாள். வந்தது சின்னக் குரல்தான்.

"லிடியா, அன்னிக்கு அவனுக்குப் போன் பண்ணதும் நான்தான். அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

லிடியா நிற்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போகும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"தெரியும். பக்கத்துலதானே உக்காந்திருந்தோம்."

மற்றவர்களும் அவளுக்கு இரண்டு பக்கமும் விலகி, ஒருவர் பின் ஒருவராக, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.